பேத்தியின் முதல் நாட்குறிப்பு: ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு பயிலும் என் பேத்திக்கு, பிறந்தநாள் பரிசாக ஒரு நாட்குறிப்பு வாங்கிக் கொடுத்தேன். யாரும் படிக்கக் கூடாது என்று தலையணைக்கடியில் ஒளித்து வைப்பவள், இரவானதும் அவளே எடுத்து வந்து, செம்பனைக் குலை ஏற்றிய லாரி சேற்றில் சிக்கியது முதல் பாட்டி சுட்ட தோசையின் எண்ணிக்கை வரை எனக்கு வாசித்துக் காட்டுகிறாள்.

சிக்கல் என்னவென்றால், அவளுடைய எழுத்து பெரியது, கோடுகளோ நெருக்கமானவை; சனி, ஞாயிறு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பக்கம் என்பதால், அதிகம் எழுத வேண்டிய நாளில் இடமின்றி அழுகிறாள். தேதி அச்சிடப்படாத, அகலக் கோடுள்ள, தடித்த அட்டை நாட்குறிப்பு ஈப்போவில் எங்கே கிடைக்கும் என்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மேலும் ஒன்று: "நேற்று மலை பெய்தது" என்று எழுதியிருக்கிறாள். திருத்தலாமா, விட்டுவிடலாமா? புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையே பேச்சுவழக்கில்தான் எழுதினார் என்பதால், விட்டுவிடவே என் மனம் விரும்புகிறது. ஆசிரியராகப் பணியாற்றுவோர் தங்கள் கருத்தைக் கூறினால் நன்றியுடையவனாவேன்.