தேசிய மாணவர் உரிமைச் சங்கம்: விதிமுறைகளில் எவை விடுபடக்கூடாது?

கேள்வி:
வணக்கம். பல மாநிலக் கல்லூரிகளில் பயிலும் நாங்கள், கட்சிச் சார்பற்ற மாணவர் உரிமைச் சங்கம் ஒன்றை 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்ய விரும்பி விதிமுறைகளை எழுதி வருகிறோம். தொடக்கத்திலேயே உறுதிசெய்ய வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
ஏழு பேர் கையொப்பமிட்டால் சட்டப்படி சங்கம் அமைக்கலாம். ஆனால் நோக்கங்களை எழுதுவதில் அவசரம் வேண்டாம். பின்னர் அவற்றை மாற்ற, பத்து நாள் முன்னறிவிப்புடன் கூட்டப்படும் சிறப்புக் கூட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கினரின் வாக்கும், ஒரு மாத இடைவெளிக்குப் பின் கூடும் இரண்டாம் கூட்டத்தில் அதே அளவு ஒப்புதலும் தேவை என்கிறது பிரிவு 12. கலைக்கப்படும் சங்கத்தின் மிச்சச் சொத்தையும் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது.

மறுமொழி 2:
எனக்கு நிதி விதியே முதன்மையாகப் படுகிறது. 1947இல் உருவான அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கம் அந்நாட்டு உளவு அமைப்பான சிஐஏவிடம் ரகசியமாகப் பணம் பெற்றுவந்தது 1967இல் அம்பலமானபோது, பெரும்பாலான உறுப்பினர்கள் அதைச் செய்தியில்தான் அறிந்தார்கள். மாணவர்களின் நம்பிக்கையை அப்படி இழந்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு நன்கொடையின் மூலமும் தொகையும் ஆண்டுதோறும் அனைத்து உறுப்பினர்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள்.

மறுமொழி 3:
யார் மாணவர் என்பதையும் வரையறுங்கள். வளாகத் தேர்தல்களுக்காக, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு 2006இல் பரிந்துரைத்த வயது வரம்பில் ஆய்வு மாணவர்களுக்கு 28 வயது உச்சம். அது உங்களைக் கட்டுப்படுத்தாது எனினும், படிப்பு முடிந்தவுடன் பொறுப்பு விலகும் என்ற விதி இல்லாவிட்டால் பதவிகள் முன்னாள் மாணவர்களிடமே தங்கிவிடும்.