கமுதி பக்கத்து ஊர்களுக்குக் கரண்ட் வண்டி: ஆட்டோவா, மினி பஸ்ஸா? (நாலு பேர் விவாதம்; ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே இருப்பது பேசுகிறவரின் புனைபெயர்)

கண்மாய்க்கரை

ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதி சுற்று வட்டாரத்துக்குப் புகையில்லாத பகிர்வு வண்டி என்றாலே எல்லாரும் பஸ்ஸுக்குத்தான் போகிறார்கள். நான் மின் ஆட்டோ பக்கம். பத்து ஊர், ஊருக்கு ரெண்டு, மொத்தம் 20 வண்டி. 7.4 யூனிட் பேட்டரி போட்ட ஆட்டோ நம்ம சமதரையில் 100 கிலோமீட்டர் ஓடும். 15 ஆம்பியர் பிளக்கில் நாலு மணி நேரம் போட்டால் நிறைந்துவிடும். பேட்டரி வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவித்தாயிற்று. ஊர் ரோடு பல இடத்தில் 3.75 மீட்டர்தான், அதிலும் ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம் உள்ளே சாய்ந்து நிற்கிறது. பஸ் எதிரே டிராக்டர் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். மூணு பேர் சேர்ந்தால் ஆட்டோ கிளம்பிவிடும், பஸ் மாதிரி நேரம் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

டெப்போக்காரன்

அண்ணே, உங்கள் மூணு பேர் கணக்கு காலை எட்டு மணிக்கு உடைந்துவிடும். ஒரு ஊரிலிருந்து இருபது பிள்ளைகள் அரை மணி நேரத்துக்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும். ரெண்டு ஆட்டோவில் என்ன நடக்கும்? ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். பெர்மிட் வேண்டாம் என்பது சரி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை மூணு என்பது மாறாதே. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் கேட்பது எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்பதைத்தான். பத்துப் பேர் ஏற்றினால் 100 கிலோமீட்டரும் வராது. பின்சக்கர பேரிங், டயர், பிரேக் லைனிங் எல்லாம் சீக்கிரம் போகும். மோட்டார் கன்ட்ரோலர் சூடேறி இழுவையைக் குறைத்துவிடும்.

என் கட்சி: 25 இருக்கை மின் மினி பஸ் மூணு. 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் 65 விழுக்காடாவது பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். கமுதியைச் சுற்றி அப்படித் தடம் எடுப்பதில் கஷ்டமே இல்லை. டர்னிங் அகலம் பார்த்துத் தடம் போடுவதும், கருவேலத்தை வெட்டுவதும் பஞ்சாயத்து வேலை. அதற்காக பஸ்ஸே வேண்டாம் என்பதா?

நிலாப்பயணி

ரெண்டு பேரும் பேட்டரியைப் பேசுகிறீர்கள், டிக்கெட்டைப் பேசவில்லை. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தனியார் மினி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அது பொருந்தாது. போக 20, வர 20 என்று வைத்தால் மாதம் 26 நாளுக்கு 1,040 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் பெண் அந்தக் காசைக் கொடுக்க மாட்டாள், இலவச பஸ் வரும்வரை உட்கார்ந்திருப்பாள். அதனால் டவுன் பஸ் வரும் அதே காலை நேரத்தில் நீங்கள் எதை விட்டாலும் பாதி ஆள் ஏறாது.

வண்டி தேவைப்படுவது டவுன் பஸ் வராத நேரத்தில். பகல் பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற சர்க்கரைக்காரர்கள், மாதாமாதம் பரிசோதனைக்குப் போகிற கர்ப்பிணிகள், ராத்திரி ஏழரைக்கு மேல் மதுரை பஸ்ஸில் வந்து கமுதியில் இறங்குகிறவர்கள். முதலில் இவர்களை எண்ணுங்கள். சந்தை நாள் ஒன்று, சாதாரண நாள் ஒன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் காலை ஆறு முதல் இரவு ஒன்பதுவரை ஆள் நின்று எண்ண வேண்டும். வண்டியை அதற்குப் பிறகு பேசலாம்.

ஃபியூஸ்கட்டை

எண்ணுவதோடு சேர்த்து டிரான்ஸ்பார்மரையும் பாருங்கள். ஊர்ப்பக்கம் நிற்பது பெரும்பாலும் 63 அல்லது 100 கே.வி.ஏ. திறன் உள்ள சின்ன டிரான்ஸ்பார்மர். ஆட்டோ சார்ஜர் ஒன்று 3 கிலோவாட். ஊருக்கு ரெண்டு என்றால் 6. பெரிய லோடு இல்லைதான், ஆனால் எல்லாரும் வீடு திரும்பி டி.வி., மோட்டார் போடும் இரவு ஏழு மணிக்கே இதையும் செருகுவார்கள். லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும், சார்ஜர் தானாக நின்றுவிடும். ஓட்டுநர் தூங்கியிருப்பார். காலையில் எழுந்து பார்த்தால் பாதி பேட்டரி. மலிவான டைமர் சுவிட்ச் வாங்கி மாட்டாதீர்கள், இவ்வளவு கரண்ட் நாலு மணி நேரம் தொடர்ந்து போனால் காண்டாக்ட் கருகிவிடும். இரவு பதினொன்றுக்கு ஆன் ஆகிற மாதிரி காண்டாக்டர் (பெரிய லோடைத் தாங்கும் சுவிட்ச்) வைத்த டைமர் வேண்டும்.

அடுத்தது எர்த். நம்ம பக்கம் பல இடத்தில் மண்ணே உப்பு. ஈரம் இருக்கும்வரை எர்த் நன்றாகக் கிடைக்கும், ஆனால் ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அதே உப்பு தின்றுவிடும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து வெடித்த பிறகு குழியைத் தோண்டிப் பார்த்தால் பைப் துருவாக உதிரும், கிளாம்ப் மட்டும் கம்பியில் தொங்கும். அப்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் ஏறும். நல்ல சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி மறுத்துவிடும். மட்டமான சார்ஜர் மறுக்காமல் பாடியில் கரண்ட் விடும். செம்பு பூசிய கம்பி ரெண்டு இறக்கி, ரெண்டையும் இணைத்து, வெயில் காலத்தில் எர்த் மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்த அளவை நம்பக்கூடாது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம்.

இதையெல்லாம் இருபது வீட்டில் ஒழுங்காகச் செய்து, வருஷா வருஷம் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. ஒரே ஷெட்டில் செய்ய முடியும். அதனால் நான் டெப்போக்காரர் பக்கம்.

டெப்போக்காரன்

நன்றி சார். இனி காசு. டீசல் மினி பஸ் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். மின் பஸ் 0.65 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் 6 ரூபாய். மிச்சம் 9. நாளைக்கு 160 கிலோமீட்டர், 26 நாள்: மாதம் 37,440. வண்டி விலை வித்தியாசம் 40 லட்சம் என்று வைத்து 10 விழுக்காடு வட்டிக்கு ஏழு வருஷக் கடன் எடுத்தால் தவணையே 66,400. கட்டாது. இதை மறைக்க மாட்டேன். 250 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 58,500. அப்போதும் 8,000 துண்டு விழும். அந்தத் துண்டை அரசு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். சென்னையில் மாநகர் பஸ் கழகம் 2025-ல் இறக்கிய மின் பஸ்கள் அந்த முறையில்தான் ஓடுகின்றன: வண்டி தனியாருடையது, கிலோமீட்டர் காசு கழகத்துடையது. நகரத்துக்குச் செய்ததைக் கமுதிக்கும் செய்யட்டும். அப்படிச் செய்தால் இலவசப் பயணத்தையும் அதிலேயே சேர்த்துவிடலாம், நிலாப்பயணி சொன்னதும் தீரும்.

கண்மாய்க்கரை

தம்பி, பகல் நேரத்தில் 25 இருக்கையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தீர்களா? நம்ம நாட்டுக் கரண்ட் பெரும்பாலும் நிலக்கரி. யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ கரியமில வாயு. உங்கள் பஸ் 0.65 யூனிட், சார்ஜர் நஷ்டம் பத்து விழுக்காடு சேர்த்தால் கிலோமீட்டருக்கு அரை கிலோ. ஆளுக்கு 50 கிராம். லிட்டருக்கு 45 கொடுக்கிற பெட்ரோல் ஸ்கூட்டரும் அதே 50 கிராம்தான், அதில் ரெண்டு பேர் போனால் 25. மூணு பேர் ஏறிய என் ஆட்டோவில் ஆளுக்கு 20 கூட வராது. புகைக்குழாய் இல்லாததாலேயே உமிழ்வு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ மாவட்டத்தில் ஹூரோன் என்று ஒரு சின்ன விவசாய ஊர். அங்கே ஏற்கெனவே கூலித் தொழிலாளிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களை ‘ரைத்தேரோ’ என்பார்கள். 2018-ல் அந்தப் பழக்கத்தையே மின் காரில் ஏற்றினார்கள். பெரிய பஸ் கேட்கவில்லை.

ஃபியூஸ்கட்டை

ஹூரோன் மானியத்தில் நடக்கிறது, அதையும் சொல்லுங்கள்.

கரி கணக்கு சரிதான், மறுக்கவில்லை. அதற்கு வழி பகலில் சார்ஜ் பண்ணுவது. கமுதியில் 2016-லிருந்து 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் நிற்கிறதே, அதிலிருந்து எடுக்கலாம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அது 400 கே.வி. துணைமின் நிலையத்துக்குப் போகிறது, பக்கத்து ஊர் டிரான்ஸ்பார்மருக்கு இறங்குவதில்லை. ஷெட் கூரையிலேயே 40 கிலோவாட் பேனல் போட வேண்டும். சுமார் 4,000 சதுர அடி. கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்றால் 160 யூனிட், ஒரு பஸ் 220 கிலோமீட்டர் ஓடும் அளவு. புழுதி படியும், வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் பிடிக்கும், மழைத் தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள். ஓடி வந்த சூட்டோடு மே மாதத்தில் செருகாதீர்கள், முக்கால் மணி நேரம் நிழலில் நிற்கட்டும். இல்லாவிட்டால் பேட்டரியைக் கவனிக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட் சார்ஜ் வேகத்தைப் பாதியாக்கிவிடும், பேட்டரி ஆயுசும் குறையும்.

நிலாப்பயணி

பகலில் பஸ்ஸை ஷெட்டில் நிறுத்தினால் நான் சொன்ன ஆஸ்பத்திரி நேரத்துக்கு யார் ஓடுவது? அங்கேதான் கண்மாய்க்கரை அண்ணனின் ஆட்டோ வர வேண்டும். இருபது வேண்டாம், ஆறு போதும். அதே ஷெட்டில் இரவில் சார்ஜ், பகலில் ஃபோனில் கூப்பிட்டால் ஊருக்குள் வரட்டும். மூணு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது.

ஸ்கூட்டர் கணக்கில் ஒன்று விட்டுப்போனது. ஸ்கூட்டர் இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சே.

கண்மாய்க்கரை

ஆறு என்றால் பத்து ஊருக்குப் பங்கு வராது, எட்டு கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது ஆட்டோ அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் ஷெட்டுக்கு எப்படி வரும்? பாலத்துக்கு அக்கரையில் ஒரு ஊரிலாவது பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒழுங்கான எர்த்தோடு ஒரு பிளக் வேண்டும்.

ஃபியூஸ்கட்டை

அது வேண்டியதுதான். பிளக் பெட்டியைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வையுங்கள், போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் பார்த்துவிட்டு.