எங்கள் ஊர் மழை விடியலில், மதுரை மழை சாயங்காலம்

உச்சிப்புளியிலிருந்து (ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம்):

சுற்றுலா கிளம்பி மழையில் மாட்டிய கதை இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள், என்னுடையதைச் சொல்கிறேன். காலாண்டு லீவில், செப்டம்பர் கடைசியில், குடும்பமாகப் பத்துப் பேர் மதுரைப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குக் கிளம்பினோம். ஆறரைக்கு வேன் சொல்லியிருந்தேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மச்சான், வந்து சேரும்போது எட்டரை. வானத்தைக் காட்டி, "ஒரு பொட்டு மேகம் இல்லை மாப்ள, எதுக்கு அவசரம்? அப்படியே மழை வந்தாலும் என்ன, நனையத்தானே காசு குடுத்துப் போறோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பரமக்குடியில் டீ, மானாமதுரையில் இன்னொரு டீ.

உள்ளே நுழையப் பன்னிரண்டு. துணி மாற்றி, லாக்கர் பிடித்து, சாப்பிட்டு முடிக்க இரண்டு. பிள்ளைகள் அலைக்குளத்தில் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதுமே விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிட்டார்கள். சறுக்கு, ராட்டினம் எல்லாம் நின்றது. மச்சான் சொன்னதில் பாதி சரிதான், மழையில் நனையலாம். ஆனால் மின்னலுக்கு முன்னால் திறந்த தண்ணீரில் நிற்க முடியாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் போனால்தான் மறுபடி இறக்குவோம் என்றார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆகும், இன்னொன்று இடிக்கும், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஐந்தரைக்குப் பிள்ளைகள் ஈரத்தோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். பணம் திரும்ப வராது என்பது டிக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது.

வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், மீன்பிடித் தொழில் பார்த்த பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம வானத்தைப் பார்த்து மதுரைக்குக் கிளம்பினா எப்படிடா?" என்றார். அவர் சொன்ன கணக்கு இது: பகலில் வெயில் ஏற ஏறக் கடற்காற்று உள்நாட்டுக்குள் போகும். அங்கே மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றோடு முட்டும். தரையும் நன்றாகச் சூடேறியிருப்பதால் ஈரக்காற்று மேலே எழும்பி, மூன்று நான்கு மணிக்கு இடிமழையாகக் கொட்டும். நம் கரை அப்போதும் காய்ந்துதான் கிடக்கும்.

அடுத்த வருடம் அதே லீவில் விடியுமுன்பே புறப்பட்டோம். கேட் திறக்கும்போதே உள்ளே. உயரமான சறுக்குகளையும் அலைக்குளத்தையும் ஒரு மணிக்குள் முடித்துவிட்டு, கூரைக்குக் கீழே இருப்பவற்றை மதியத்துக்கு வைத்துக்கொண்டோம். நாலரைக்கு மழை பிடித்தபோது வேன் மானாமதுரை தாண்டியிருந்தது. முந்தின நாள் வானிலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்றுதான் இருந்தது. மழைமானி வைத்திருக்கும் இடங்களில் கால்வாசிக்கு மேல் பெய்யாது என்பதுதான் அதன் அர்த்தம், அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. "அநேக இடங்களில்" என்று வந்தால் நான் வேனுக்கு முன்பணம் கொடுக்கமாட்டேன்.

கீழக்கரையிலிருந்து:

எங்களுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். நவம்பரில் மதுரைச் சொந்தக்காரர்கள் தனுஷ்கோடி பார்க்க வருவதாக இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு இங்கே கொட்டுகிறது. ஃபோனில் சொன்னதும், "அப்ப சாயங்காலம் இன்னும் மோசமா இருக்குமே" என்று அவர்கள் ஊர்க் கணக்கைப் போட்டு வராமலே இருந்துவிட்டார்கள். பத்தரைக்கெல்லாம் சுள்ளென்று வெயில். உம்மா ஆக்கி வைத்த பிரியாணியை நாங்களே இரண்டு நாள் தின்றோம். வடகிழக்குப் பருவத்தில் கரையோர மழை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கி விடியலில் வலுத்து, வெயில் ஏறும்போது விட்டுவிடும்.

ஆனால் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 2024 நவம்பர் 20 நினைவிருக்கிறதா? பட்டப்பகலில் பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19 செ.மீ. கொட்டியது. ராமேஸ்வரத்தில் மொத்தம் 40 செ.மீ.யைத் தாண்டியது. அன்றைக்கு எந்த மணிக்குக் கிளம்பியிருந்தாலும் ஒன்றுதான்.

பாம்பனிலிருந்து:

மழையை மட்டும் பேசுகிறீர்கள், இங்கே ஆளைத் திருப்பி அனுப்புவது காற்று. ஆடியில் தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்குப் போனவர்களைக் கேளுங்கள், மணல் ஊசி மாதிரிக் காலில் குத்தும், குழந்தைகள் கண்ணைத் திறக்க முடியாது. அந்த மாதங்களில் தென்கடல் சீறும். இங்கே அதை ஆண்கடல் என்பார்கள். அதே நாளில் வடபக்கம் அரியமான் கடற்கரையில் வடகடல், அதாவது பெண்கடல், குளம்போலக் கிடக்கும், படகில் ஏறலாம், பிள்ளைகளை இறக்கிவிடலாம். கார்த்திகை வந்தால் கதை மாறும். வாடைக்காற்று அடித்து வடகடல்தான் கொந்தளிக்கும், பெண்கடல் என்ற பேரை நம்பி இறங்காதீர்கள்.

ஆப் எதுவும் பார்க்கத் தெரியாத என் மாமியார் ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னைக்கு டோக்கன் குடுத்தாங்களா?" காற்றும் கடலும் சரியில்லை என்று மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தராத நாளில், பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாளில், சுற்றுலாப் படகும் பெரும்பாலும் ஓடாது. விருந்தாளி வருவதாக இருந்தால் முந்தின சாயங்காலமே துறைமுகப் பக்கம் ஒரு நடை போய் வந்துவிடுவேன்.

உச்சிப்புளியிலிருந்து, மறுபடி:

டோக்கன் யோசனை அருமை. இந்தக் காலாண்டு லீவுக்கும் மதுரைதான், ஐந்து மணிக்கு வேன். மச்சானை முந்தின ராத்திரியே எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து படுக்கச் சொல்லியாயிற்று.