கார் இல்லாமல் பீக் டிஸ்ட்ரிக்ட்: ஜனவரியில் எங்கே தங்கலாம்?

நண்பர்களே, ஜனவரி மூன்றாம் வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை, நானும் மனைவியும் லண்டனிலிருந்து இங்கிலாந்தின் மலைப்பகுதியான பீக் டிஸ்ட்ரிக்ட் போகிறோம். தங்க இடம் அமையவில்லை.

இங்கிலாந்து வந்து 14 மாதம் ஆகிவிட்டதால் இந்திய லைசென்ஸில் கார் ஓட்ட முடியாது. அதனால் செயின்ட் பான்கிராஸிலிருந்து ஷெஃபீல்டு, அங்கிருந்து ஹோப் வேலி பாதை ரயில். நான்கு காட்டேஜ்களில் கேட்டுப் பார்த்தேன். மூன்றில் குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டுமாம். நான்காவது கிடைக்கிறது, ஆனால் ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் ஏற்றம், விளக்கில்லாத ரோடு. நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் மாதம் அது.

மனைவிக்கு முழங்கால் வலி, 517 மீட்டர் உயர மாம் டோர் குன்றில் ஏறும் எண்ணமில்லை. ஜன்னலில் மலை தெரிந்து, நடக்கிற தூரத்தில் கணப்பு எரியும் பப் ஒன்று இருந்தால் போதும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். அவள் வாங்கிய கம்பளி சாக்ஸ் விலைச்சீட்டோடு ரேடியேட்டர் மேல் இருக்கிறது.

ஈடேல், ஹாதர்சேஜ் கிராமங்கள் இரண்டிலும் ஸ்டேஷன் உண்டு. காசில்டன் கிராமத்துக்கு ஹோப் ஸ்டேஷனில் இறங்கிப் போகணும். இந்த மூன்றில், கார் இல்லாமல் இரண்டு இரவுக்கு எது சரியாக வரும்?