கண்ணீர்த்துளி டிரெய்லர்: எடை எங்கே ஏறுது, தண்ணி எங்கே இறங்குது?

ஆஸ்டின், டெக்சஸ்

காரின் இழுவை வரம்பு 1500 பவுண்டு, கண்ணீர்த்துளி டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளே படுத்துப் பின்பக்கம் சமைக்கும் துளி வடிவச் சின்ன வண்டி) வீட்டிலேயே கட்டி இழுக்க முடியுமா என்று கேட்டவருக்கு: தாராளமாக முடியும். ஆனால் எடையைக் கடைசியில் குறைக்க வழியே கிடையாது. ப்ளைவுட் வாங்கும் அன்றே அது முடிவாகிவிடும்.

கணக்கு இப்படிப் போகும். 4 அடிக்கு 8 அடி தரை. கிட்டில் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது) வரும் மடக்கு டிரெய்லர் சட்டம் சக்கரத்தோடு சுமார் 250 பவுண்டு. முக்கால் இன்ச் ப்ளைவுட் ஒரு ஷீட், மரத்தைப் பொறுத்து 60 முதல் 75 பவுண்டு. அரை இன்ச் 40-50. கால் இன்ச் 22-28. அரைக்கால் (1/8) இன்ச் 12-14. இரண்டு பக்கச் சுவரையும் முக்கால் இன்ச்சில் முழுசாக வைத்தாலே 120 முதல் 150 பவுண்டு போய்விடும். கட்டி முடித்த காலி வண்டி 900 பவுண்டில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, பாத்திரம், ஐஸ்பெட்டி, 5 கேலன் தண்ணீர் (அதுவே 42 பவுண்டு), ஸ்டெப்னி என்று 300 பவுண்டு தானாக ஏறும். மிச்சம் இருப்பது கையிருப்பு. காரில் உட்காரும் ஆட்களும் சாமான்களும் தனிக் கணக்கு; கார் மேனுவலில் அதையும் பாருங்கள்.

சுவரில்தான் நல்ல லாபம். முக்கால் இன்ச் பலகையில் வளைவு வடிவத்தை வெட்டிவிட்டு, உள்ளே ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுத்துவிடுங்கள். ஓரத்தில் 2 இன்ச், கதவைச் சுற்றி 3 இன்ச் மரம் நிற்கட்டும். குழியில் முக்கால் இன்ச் எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கடையில் பிங்க் அல்லது நீல நிறத்தில் கிடைப்பது), உள்பக்கம் அரைக்கால் இன்ச், வெளிப்பக்கம் அலுமினியம் அல்லது கால் இன்ச் ப்ளைவுட். வெட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது: மட்கார்டு, கதவுக் கீல், அலமாரி, நடுத்தடுப்பு, பக்க விளக்கு எதெது எங்கே வரும் என்று பலகையிலேயே வரைந்துவிடுங்கள். அங்கெல்லாம் மரம் வேண்டும். இதை விட்டவர்கள் பிறகு ஸ்க்ரூவை ஃபோமில் முடுக்கிக்கொண்டிருப்பார்கள். மூடுவதற்கு முன் டேப்பை வைத்து அளவு தெரிய ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

இரண்டு சுவரையும் ஒன்றன்மேல் ஒன்று கிளாம்ப் போட்டுச் சேர்த்தே தேயுங்கள். கால் இன்ச் வித்தியாசம் இருந்தால்கூடக் கூரை முறுக்கிக்கொள்ளும்.

இன்னொன்று: டப்பாவில் வரும் சாதாரண கான்டாக்ட் சிமென்ட் இந்த ஃபோமைக் கரைத்துவிடும். ஃபோமுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அல்லது பாலியூரித்தேன் பசை.

* * *

போர்ட்லண்ட், ஓரிகன்

அண்ணா சுவரைச் சொல்லிட்டார், கூரை வளைவை நான் சொல்றேன். நிறைய பேர் மாட்டிக்கிற இடம் அதுதான்.

குறுக்குச் சட்டம் ஒன்றரை இன்ச்சுக்கு முக்கால் இன்ச் போதும். நேர் பகுதியில 10-12 இன்ச்சுக்கு ஒண்ணு, வளைவுல 6 இன்ச்சுக்கு ஒண்ணு. வளைவுல தூரம் தூரமா வச்சா ப்ளைவுட் ரெண்டு சட்டத்துக்கு நடுவுல நேராப் போகும், வெளியே இருந்து பார்த்தா பட்டினி மாட்டு விலா மாதிரி வரிவரியாத் தெரியும். மேல அலுமினியம் போட்டா மறையும்னு நினைக்காதீங்க, வெயில்ல பளபளப்புக்கு இன்னும் நல்லாவே தெரியும்.

வளைக்கிற ஷீட் அரைக்கால் இன்ச்தான். மேல் இழை டிரெய்லரோட குறுக்கு வாட்டத்துல ஓடணும், அப்பதான் வளையும். நீளவாக்குல ஓடினா உடையும். முன்பக்கச் சின்ன வளைவுக்கு ராத்திரியே வெந்நீர்ல நனைச்ச துண்டைப் போட்டு, ராட்செட் பெல்ட்டால கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி விட்ருங்க. நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் பசை. ஒரே தடியா கால் இன்ச்சை வளைக்கிறதைவிட அரைக்கால் இன்ச் ரெண்டு அடுக்கு ஒட்டுறது சுலபம், பலமும் கூட.

அடுத்தது பின் கதவு, அதான் சமையல் பக்கம் தூக்குற ஹேட்ச். இதுல வர்ற வில்லங்கம் என்னன்னா, ஒட்டிக் காயவச்சு எடுத்ததும் வளைவு கொஞ்சம் விரியும். அரை இன்ச், சிலதுல ஒரு இன்ச். கீழ் நுனி வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், ரப்பர் பீடிங் எவ்வளவு தடிமனாப் போட்டாலும் அமராது. ரெண்டு வழி இருக்கு. விலாக்களை வரைபடத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமான வளைவா வெட்டலாம். இல்லைன்னா ஹேட்ச்சை வண்டி மேலேயே வச்சு ஒட்டணும்: நடுவுல பாலிதீன் ஷீட், உள் தோல், விலா, ஃபோம், வெளித் தோல் எல்லாம் அங்கேயே, ரெண்டு நாள் பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது. ரெண்டு தோலும் ஒட்டின பிறகு அது பெட்டி மாதிரி பூட்டிக்கும், விரியிறது ரொம்பக் குறையும். எனக்கு ரெண்டாவது வழிதான் நம்பிக்கை.

கேஸ் ஸ்ட்ரட்டை (ஹேட்ச்சைத் தூக்கிப் பிடிக்கிற வாயுத் தண்டு) கண்ணளவுல வாங்காதீங்க. ஹேட்ச் 40 பவுண்டு, கீல்லேர்ந்து எடை மையம் 20 இன்ச். ஹேட்ச் கிடைமட்டமா நிக்கும்போதுதான் பாரம் அதிகம், 800 இன்ச்-பவுண்டு. அந்த நிலையில ஸ்ட்ரட் போற கோட்டுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 10 இன்ச்னா மொத்தம் 80 பவுண்டு வேணும், ரெண்டு ஸ்ட்ரட்டுக்கு ஆளுக்கு 40. குளிர்ல வாயு அழுத்தம் குறையும்: 20 டிகிரி செல்சியஸ்ல தூக்குறது மைனஸ் 10-ல பத்துல ஒரு பங்கு பலம் இழக்கும். அதனால 50 பவுண்டு ஸ்ட்ரட் வாங்குங்க. மூடியிருக்கும்போது தண்டு கீழே பார்க்கணும், அப்பதான் உள்ளே இருக்கிற எண்ணெய் சீலை நனைச்சுக்கிட்டே இருக்கும்.

* * *

சியாட்டில், வாஷிங்டன்

ஹேட்ச்சுக்குப் பியானோ கீல் (முழு நீளத்துக்கும் ஓடும் கீல்) போட்டு மேலே சிலிகான் பூசுகிறவர்களுக்காக இது. வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சுழலும் அலுமினியக் கீல் இருக்கிறது, ஹரிக்கேன் கீல் என்று கேட்டால் கொடுப்பார்கள். தண்ணீரை அதுவே வெளியே தள்ளும்.

சிலிகானைப் பற்றி ஒரே வரி: அது விட்டுப்போனால் அதன்மேல் எதுவும் ஒட்டாது, புது சிலிகான்கூட ஒட்டாது. சுவரும் கூரையும் சேரும் ஓரத்தில் ப்யூட்டைல் டேப், அதன்மேல் அலுமினிய டிரிம், 4 இன்ச்சுக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஸ்க்ரூ தலையை மறைக்க வினைல் பட்டை. புட்டி டேப் விலை குறைவு, காய்ந்து வெடிக்கும். ப்யூட்டைல் பல வருடம் பிசுபிசுப்பாகவே இருக்கும். முடுக்கிய அன்றே வேலை முடிந்தது என்று விடாதீர்கள். வெயில் பட்டு டேப் பிதுங்கிய பிறகு இன்னொரு சுற்று முடுக்க வேண்டும்.

மழை நீர் நடுப்பலகையில் இறங்குவதில்லை. கதவுக்கு வெட்டிய விளிம்பு, கூரைக் காற்றாடிக்கு வெட்டிய 14 இன்ச் சதுரம், தரையின் நான்கு ஓரம், ஒயர் போக்கப் போட்ட துளை: இங்கெல்லாம் ப்ளைவுட்டின் வெட்டுவாய் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷும் மினரல் ஸ்பிரிட்டும் சரிபாதி கலந்து, வெட்டுவாய் குடிக்க மறுக்கும்வரை பூசிக்கொண்டே இருங்கள். இரண்டு, மூன்று கை போகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது, தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள். தரையின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடிப்படையிலான தார்ப்பூச்சு போதும், சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே பூசிவிடுங்கள்.

உள்ளிருந்து வரும் தண்ணீரும் உண்டு. இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் தூங்கினால் விடிவதற்குள் சுவர் வியர்க்கும். கூரைக் காற்றாடியை மெதுவாக ஓடவிட்டு, ஒரு ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும், குளிர்காலத்திலும். மெத்தையைத் தரையில் நேராகப் போட்டால் அடியில் பூஞ்சை. காற்றுப் போகும் பின்னல் விரிப்பையோ மரச் சட்டத்தையோ கீழே கொடுங்கள்.

* * *

ஃபீனிக்ஸ், அரிசோனா

மழை உங்களுக்கு, வெயில் எங்களுக்கு. 10 அடி அலுமினியத் தகடு 40 டிகிரி செல்சியஸ் ஏறி இறங்கினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். ப்ளைவுட் அப்படி நீளாது. முழுப்பரப்பிலும் பசை போட்டு ஒட்டினால் மதிய வெயிலில் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். பக்கத்துக்கு .040 இன்ச், கூரைக்கு .032 இன்ச் தகடு எடுத்து, ஓர டிரிம் மட்டும் பிடிக்கும்படி விடுங்கள். தகட்டில் துளை ஸ்க்ரூவைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கட்டும்.

* * *

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

பின்பக்கம் சமையல் மேடை, அங்கேயே பேட்டரி, அங்கேயே தண்ணி கேன், ஐஸ்பெட்டி. எல்லா எடையும் ஆக்சிலுக்குப் பின்னால். இப்படி ஓட்டினால் மணிக்கு 55 மைல் வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்த பிறகு பிரேக்கை ஓங்கி மிதித்தால் இன்னும் மோசம். ஆக்சிலேட்டரை விட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும்.

ஹிட்ச் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்கணும். 1200 பவுண்டு வண்டிக்கு 120 முதல் 180. பாத்ரூம் எடைக்கருவி அவ்வளவு தாங்காதென்றால், 3 அடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் எடைக்கருவி, மேலே பலகை. செங்கல்லில் இருந்து 1 அடியில் கப்ளரை (ஹிட்ச்சில் மாட்டும் டிரெய்லர் முனை) இறக்குங்கள், கருவி காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். பலகையின் எடையை முதலில் கழித்துவிடுங்கள். சாமான் ஏற்றியபின் அளப்பதுதான் அளவு. குறைந்தால் பேட்டரியையும் ஸ்டெப்னியையும் முன்தண்டுக்கு மாற்றுங்கள். லித்தியம் 100 ஆம்ப்-ஹவர் 25-30 பவுண்டு, லெட் ஆசிட் 60. எடை குறைக்க லித்தியம் வாங்கிவிட்டு அதைப் பின்னாலேயே வைக்கிறார்கள், என்ன சொல்ல.

கிட்டில் வரும் ஸ்பிரிங் முழு வரம்புக்குத் தயாரித்தது. 1000 பவுண்டு வண்டி அதன்மேல் குதிக்கும், அலமாரி ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழலும். லீஃப் (ஸ்பிரிங்கின் பட்டை) ஒன்றை உருவிவிடுவது வழக்கம், ஆனால் தாங்கும் வரம்பும் அதோடு குறைகிறது என்பதை எழுதி வையுங்கள். சக்கர நட்டை முதல் 50 மைல் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். எஸ்டி டயரில் (டிரெய்லருக்கென்றே வரும் டயர்) வேறு எதுவும் குறிக்காவிட்டால் மணிக்கு 65 மைல்தான் வேகம்.

விளக்கு மினுக்கினால் பல்பை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். காரையும் டிரெய்லரையும் சேர்க்கும் நான்கு முனை ஒயர் இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு வால் விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. சட்டத்தையே எர்த்தாக நம்பினால் பெயின்டும் எங்கள் ஊர் உப்புச் சாலையும் அதைத் தின்றுவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் வெள்ளை ஒயர் தனியாக இழுங்கள். காரில் இன்டிகேட்டர் தனி மஞ்சள் விளக்காக இருந்தால் நடுவே கன்வர்ட்டர் வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 7 இன்ச்சுக்குள், மெயின் ஃப்யூஸ்.

* * *

ஆஸ்டின், டெக்சஸ்

மேலே யாரும் சொல்லாத இரண்டு விஷயம்.

படுக்கும் பகுதிக்குள் எரியும் எதுவும் கூடாது. ஸ்டவ், புரொப்பேன் ஹீட்டர், கரி எல்லாம் வெளியேதான். நடுத்தடுப்பில் சமையல் பக்கத்துக்கு ஒயர்த் துளை விட்டால் அதையும் அடைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தலைமாட்டில் மாட்டுங்கள்.

பதிவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிட் சட்டத்தோடு வரும் உற்பத்திச் சான்றைப் பத்திரமாக வையுங்கள், சட்டத்தை நீங்களே வெல்டிங் செய்திருந்தால் வாங்கிய இரும்பின் ரசீதெல்லாம் கேட்பார்கள். சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் வின் எண் (வண்டியின் அடையாள எண்) தகட்டின்மேல் டேப் ஒட்டுங்கள். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை விளக்கு கட்டாயம். கிட்டில் அது இடது வால் விளக்கின் அடியிலேயே சேர்ந்து வரும், இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் பிளேட் இருட்டில்தான் இருக்கும்.