பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா: கணக்கு எங்கே பிசகுகிறது

வாஷிங் மெஷின் மறுபடி நின்றுபோனால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "போன வருஷம்தானே 3,000 செலவு பண்ணினோம், அதுக்குள்ள தூக்கிப் போடுறதா?" என்பதுதான். அந்த 3,000 இந்தக் கணக்கிலேயே வராது. சரிசெய்தாலும் போனது போனதுதான், புதுசு வாங்கினாலும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை அடித்துவிட வேண்டும். பொருளியலில் இதை மூழ்கிய செலவு என்பார்கள்.

சொல்வது சுலபம், மனசு விடாது. 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நாடக சீசன் டிக்கெட் வாங்க வந்த 60 பேரில் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் டிக்கெட் கிடைத்தது. யாருக்கு எது என்பது தற்செயல். சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தவர்கள் முழு விலை கொடுத்தவர்கள்தான். நாடகம் எல்லாருக்கும் ஒன்றே.

இனி ஆகப்போகும் செலவை மட்டும் எடுத்து, ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். ரிப்பேருக்கு 4,000, அதன்பின் 2 ஆண்டு ஓடும் என்றால் ஆண்டுக்கு 2,000. புதுசு 20,000, 10 ஆண்டு உழைக்கும் என்றால் அதுவும் 2,000.

---

மேலே உள்ள கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சமம் என்று தோன்றுவது அதனால்தான்.

ஒன்று, பழைய மெஷினை இன்றே விற்றால் கிடைக்கும் காசு. 1,500-க்குப் போகும், 2 ஆண்டு கழித்து ஒன்றுமே தேறாது என்று வையுங்கள். அதை வைத்துக்கொள்வதன் உண்மையான செலவு 4,000 இல்லை, 5,500. கையை விட்டுப் பணம் போகாததால் இது செலவாகவே தெரிவதில்லை. வாய்ப்புச் செலவு என்பது இதைத்தான்.

இரண்டாவது வட்டி. புதுசில் போடும் 20,000 வங்கியில் இருந்தால் 7% கிடைக்கும் என்றால், 10 ஆண்டில் படிப்படியாகத் தேயும் முதலுக்குச் சராசரியாகப் பாதி, அதாவது 10,000-க்கு வட்டி போடலாம்: ஆண்டுக்கு 700. ஆக, புதுசுக்கு 2,700. பழசுக்கு 5,500-ஐ 2-ஆல் வகுத்து 2,750, வட்டி சுமார் 190, மொத்தம் 2,940. புதுசு முந்துகிறது.

---

ஆனால் அந்த 2 ஆண்டு எங்கிருந்து வந்தது? முடிவே அதில்தான் தொங்குகிறது. அதே பழசு 3 ஆண்டு ஓடினால் 1,833, வட்டியோடு ஏறக்குறைய 2,025, ரிப்பேரே லாபம். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 2 ஆண்டு 2 மாதம். ஆகவே மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்?" என்பதோடு நிற்காமல், "இதுக்கு அடுத்து எது போகும்?" என்றும் கேட்க வேண்டும். பெல்ட், வடிகால் பம்ப் போன்றவை என்றால் சரிசெய்யலாம், சின்ன விஷயம். டிரம் பேரிங் சத்தம் போட்டாலோ, வெளித்தொட்டி துருப்பிடித்திருந்தாலோ 2 ஆண்டே அதிக நம்பிக்கை.

இன்னொரு சிக்கல்: "இன்னும் ஒரு 1,000 போட்டா சரியாகிடும்" என்று தவணை தவணையாக வருவது. மூழ்கியதை விட்டுவிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு 1,000-மும் நியாயமாகவே இருக்கும், கூட்டிப் பார்த்தால்தான் வலிக்கும். பிரிப்பதற்கு முன்பே உச்சவரம்பு ஒன்றை வாய்விட்டுச் சொல்லி, அதைத் தாண்டினால் வேலையை நிறுத்தி போன் பண்ணச் சொல்வது நல்லது.

---

எக்ஸ்சேஞ்ச் சலுகை இருந்தால் கவனம். "பழசுக்கு 3,000" என்று கடையில் சொன்னால், பழசு கொடுக்காமல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். அட்டை விலை 21,500, எக்ஸ்சேஞ்சோடு 18,500. சும்மா வாங்கினால் 20,000-க்கே தருவார்கள் என்றால் பழசுக்கு அவர்கள் தருவது 1,500 மட்டும். அதைப் புதுசின் விலையில் கழித்துவிட்டால் பழசின் பக்கம் மறுபடி ஏற்றக் கூடாது; ஒரே தொகை இரண்டு முறை விழுந்து, புதுசு சும்மாவே மலிவாகத் தெரியும்.