‘ஸ்கூலிங்’ மீனுக்கு நிரைமீன்: சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பவளப்பாறைப் பக்கம் திரியும் ஓரா மீனைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே ‘ஸ்கூலிங் ஃபிஷ்’. செயலியிடம் கொடுத்தால் ‘பள்ளி மீன்’ என்கிறது! மீனுக்கு வரும் ‘ஸ்கூல்’ வேறு. கும்பல் என்ற பொருளில் டச்சு வழியாக வந்த சொல். பள்ளிக்கூடத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதற்கு ‘மீன் கூட்டம்’ போதாதா என்று இங்கே ஓர் அண்ணன் கேட்டிருந்தார். போதாது. சும்மா சேர்ந்து மேய்ந்தால் ‘ஷோல்’. எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், நெருக்கம் குலையாமல் நீந்தித் திரும்பினால்தான் ‘ஸ்கூல்’. கண் மட்டுமல்ல, விலாவில் ஓடும் பக்கக்கோடும் பக்கத்து மீனின் அசைவைத் தண்ணீர் வழியே உணர்கிறது. 1976இல் ஒரு குளிர்கடல் மீனின் கண்ணை மறைத்து விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தியது.

அதனால் ஷோலுக்குத் ‘திரள்’, ஸ்கூலுக்கு ‘நிரை’, அப்படி நீந்தும் மீனுக்கு ‘நிரைமீன்’ என்று முன்பு இங்கே முன்மொழிந்தேன். ஆநிரை கவர்ந்த காலத்திலிருந்தே நிரை என்றால் மந்தையும்தான், வரிசையும்தான். கணக்குப் புத்தகத்து அணியிலும் (மேட்ரிக்ஸ்) கிடைவரிசை நிரைதான். பிள்ளைகளுக்குப் புதிதில்லை.

அதற்கு இங்கே ஓர் ஐயா சொன்ன தடைதான் வலுவானது: பேச்சில் ர, ற பிரியாது, ‘மீன் நிறை’ என்றால் எடை. சரி, சோதித்துவிடலாம் என்று காரைக்குடிச் சந்தைக்குப் போனேன். தொண்டி மீன் விற்கும் அக்கா கத்தரிக்கோலால் ஓராவின் முதுகு முள்ளை நறுக்கிக்கொண்டிருந்தார். பதின்மூன்று முள், அத்தனையும் விஷம்; குத்தினால் கடுத்துத் தள்ளிவிடும். “இது நிரைமீனாமே அக்கா?” என்றேன். “நிறையெல்லாம் சரியாத்தாண்ணே இருக்கும், தராசப் பாருங்க” என்றார்.

ஆகவே நிரைமீனைக் கைவிடுகிறேன். ‘நிரைநீச்சல்’ மட்டும் இருக்கட்டும். அதைக் கேட்டு யாருக்கும் எடை நினைவு வராது. ‘பல வகை ஓராக்களின் குஞ்சுகள் பெருந்திரளாக நிரைநீந்தும்’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. கூட்டத்துக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. ‘மீனணி’ வேண்டாம், கிரிக்கெட் வாடை அடிக்கிறது. தொண்டி, மண்டபம் பக்கம் இருப்பவர்கள் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதுவரை ‘நிரைநீச்சல் திரள்’ என்று போட்டு வைக்கிறேன்.